எல் நினோ வந்தால் மும்பைக்குப் புயலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எல் நினோ ஆண்டில் மும்பைக்குப் புயல் ஆபத்து கூடுமா? (தாராவி வாசகர்)

நேரடித் தொடர்பு இல்லை. பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாவது எல் நினோ, குளிர்வது லா நினா. மும்பையைப் பதறவைத்த நிசர்கா (ஜூன் 2020), டவ்-தே (மே 2021) இரண்டுமே பசிபிக் இந்த இரண்டுமில்லாத நடுநிலையில் இருந்தபோது வந்தவை. அரபிக்கடலைப் பொறுத்தவரை இந்தியப் பெருங்கடல் இருமுனையைத்தான் (அக்கடலின் இரு பக்கங்களுக்கிடையிலான வெப்ப வேறுபாட்டை) முதலில் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கம் சூடேறி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் அது நேர்மறை நிலை. 2019இல் அது மிக வலுவாக இருந்தது. அந்த ஆண்டு அரபிக்கடலில் மட்டும் ஐந்து புயல்கள். கியார் சூப்பர் புயலாகவே வளர்ந்தது. ஆனால் அது ஓமன் திசைக்குப் போய்க் கடலிலேயே அடங்கிவிட்டது. எத்தனை புயல் உருவாகிறது என்பது வேறு, நம் பக்கம் எது வருகிறது என்பது வேறு.

கடல் சூடுதான் காரணம் என்றால், ஜூலையில் ஏன் புயல் வருவதில்லை? (செம்பூர்)

நல்ல கேள்வி. புயலுக்குக் கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் போதாது, ஐம்பது மீட்டர் ஆழம் வரையாவது அந்தச் சூடு இருக்க வேண்டும். இல்லையென்றால் புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வந்து அதன் வயிற்றிலேயே அடிக்கும். அதைவிட முக்கியம் விண்ட் ஷியர், அதாவது கீழே வீசும் காற்றுக்கும் மேலே வீசும் காற்றுக்கும் உள்ள வேக, திசை வேறுபாடு. ஜூலையில் கீழே தென்மேற்குக் காற்று, மேலே 14-15 கிலோமீட்டர் உயரத்தில் வேகமான கிழக்குக் காற்று. எழும்பும் மேகத்தூண் சாய்ந்து, புயலின் மையம் கூடவே மாட்டாது. அதனால்தான் ஏப்ரல்-ஜூன், அக்டோபர்-டிசம்பர் என இரண்டு பருவங்கள். எல் நினோவும் பெரும்பாலும் இந்தக் காற்றை மாற்றித்தான் தொலைதூரக் கடல்களில் கைவைக்கிறது. அட்லாண்டிக்கில் ஷியரைக் கூட்டிப் புயல்களைக் குறைப்பது அப்படித்தான்.

2005 ஜூலை 26 மும்பை வெள்ளத்துக்குக் காரணம் புயலா? (சயான்)

இல்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது பருவமழை.

டிசம்பரில் சென்னை போகிறோம். லா நினா என்றால் பயப்படணுமா? (மாதுங்கா)

லா நினா ஆண்டுகளில் வங்கக்கடலில் வலுவான புயல்களுக்கு வாய்ப்பு கூடும். வடகிழக்குப் பருவமழை மொத்தமாகக் கூடுவது பெரும்பாலும் எல் நினோ ஆண்டுகளில். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் (டிசம்பர் 2023) வந்தது எல் நினோ ஆண்டில்தான். இதை வைத்து டிக்கெட் ரத்து செய்யாதீர்கள். கிளம்பும் வாரத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தினசரி வெப்பமண்டல வானிலை அறிக்கையைப் பாருங்கள். புயல் சின்னம் உருவாகும் வாய்ப்பை 'குறைவு' (1-33%), 'மிதம்' (34-67%), 'அதிகம்' (68-100%) என நாள்வாரியாகத் தருவார்கள். வியாழக்கிழமைதோறும் இரண்டு வார முன்னோட்டமும் உண்டு. 'மிதம்' வந்துவிட்டால் ரயில் நிலவரத்தைக் கவனிக்கத் தொடங்கலாம். வாட்ஸாப்பில் சுற்றும் வண்ணப்படம் பெரும்பாலும் ஒரே கணினி வானிலை மாடலின் ஒரே ஓட்டம் (ஒருமுறை கணக்கிட்டு வந்த முடிவு). அடுத்த ஓட்டத்தில் புயல் ஆந்திராவுக்கே போயிருக்கும்.