ரத்தம் எடுக்காமல் மூச்சை வைத்தே சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

அம்மாவுக்கு ஊசி என்றாலே பயம், சுகர் டெஸ்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சுக் காற்றை வைத்தே சர்க்கரை நோயைச் சொல்லிவிடும் சென்சாரை அமெரிக்காவில் செய்துவிட்டார்களாமே, அது கடைக்கு வரும்வரை பொறுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொறுக்க வேண்டாம். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நான் முதுகலை படிக்கும்போது வாயு சென்சார்களில் ஆய்வு செய்தவன். என் அக்கா மகளுக்கு டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகும் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் இந்த மூச்சு சென்சார் விஷயத்தை விடாமல் படித்துவருகிறேன்.

நீங்கள் பார்த்த செய்தி, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹுவான்யு செங் குழுவினர் 2025-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியதாக இருக்கும். பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலத்தை லேசரால் கருக்கினால் நுண்துளைகள் நிறைந்த கிராஃபீன் என்ற கார்பன் பொருள் கிடைக்கும். அதோடு துத்தநாக ஆக்சைடைச் சேர்த்து, மூச்சில் உள்ள அசிட்டோனைக் கண்டறியும் சென்சாராக ஆக்கியிருக்கிறார்கள். ஒரு பைக்குள் ஊதி, சென்சாரை உள்ளே விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் போதும். அசிட்டோன் 1.8 பிபிஎம்-க்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 1.8 பங்குக்கு மேல் போனால் சர்க்கரை நோய் இருக்கலாம் என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சென்சார் அளப்பது அசிட்டோனை, சர்க்கரையை அல்ல. உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மூச்சில் அசிட்டோன் எப்படி வருகிறது? இன்சுலின் போதாதபோது செல்களால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. உடம்பு கொழுப்பை உடைத்து எரிக்க ஆரம்பிக்கும். அந்தக் கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன்களைச் செய்யும். அதில் அசிட்டோஅசிடேட் என்ற ஒன்று தானாகவே உடைந்து அசிட்டோனாகும். அசிட்டோன் எளிதில் ஆவியாகிற பொருள், அதனால் நுரையீரல் வழியாக வெளியே வந்துவிடுகிறது. நெயில் பாலிஷ் ரிமூவரில் வருகிற அதே வாசனை. ஜான் ரோலோ என்ற ராணுவ மருத்துவர் 1797-லேயே சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகிய ஆப்பிள் வாசனை வருவதாக எழுதியிருக்கிறார். நோயாளியின் சிறுநீரில் அசிட்டோன் இருப்பதை 1857-ல் வில்ஹெல்ம் பெட்டர்ஸ் கண்டார். 1971-ல் வேதியியலாளர் லைனஸ் பாலிங், மூச்சுக் காற்றில் சுமார் 250 பொருட்கள் இருப்பதைக் காட்டினார். சென்சார்தான் புதியது, விஷயம் பழையது.

அந்த 250-தான் சென்சார் செய்பவர்களுக்குப் பெரிய தலைவலி. துத்தநாக ஆக்சைடு, டின் ஆக்சைடு போன்றவற்றின் மேற்பரப்பில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும். அசிட்டோன் வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை குறையும். அந்த மாற்றத்தைத்தான் அளக்கிறோம். ஆனால் இதே வேலையை எத்தனால் என்ற ஆல்கஹாலும் செய்யும். எங்கள் ஆய்வகத்தில் யாராவது சானிடைசர் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாலே வரைபடம் எகிறிவிடும். அப்புறம் ஈரப்பதம். மூச்சுக் காற்றில் நீராவி கிட்டத்தட்ட முழு அளவுக்கு நிறைந்திருக்கும், அந்த ஈரத்துக்கு நடுவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தேட வேண்டும். செங் குழுவினர் நீரைத் தடுத்து அசிட்டோனை மட்டும் விடும் ஒரு சவ்வைச் சேர்த்ததை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

சரி, சென்சார் துல்லியமாக வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் அம்மாவுக்கு அது உதவாமல் போகலாம். நடுவயதில் வருவது பெரும்பாலும் டைப் 2. அதில் இன்சுலின் அடியோடு நின்றுபோவதில்லை, சரியாக வேலை செய்யாமல் போகிறது. கொழுப்பு உடைவதை அடக்கக் கொஞ்சம் இன்சுலினே போதும், சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பத்தான் நிறைய வேண்டும். ஆகவே ஒருவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 160 இருந்தும் மூச்சில் அசிட்டோன் சாதாரணமாகவே இருக்க முடியும். நோயின் ஆரம்பக் கட்டத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். நாம் கண்டுபிடிக்க நினைப்பதோ அந்தக் கட்டத்தைத்தான்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் கடுமையாக விரதம் இருப்பவர், சோற்றை விட்டு கீட்டோ டயட்டில் இருப்பவர், நீண்ட தூரம் ஓடிவிட்டு வந்தவர், இவர்களுக்கெல்லாம் சர்க்கரை நோயே இல்லாமல் அசிட்டோன் ஏறும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கும்போதே கீட்டோன் கூடலாம். மூச்சு அசிட்டோனும் ரத்தச் சர்க்கரையும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்படியானால் இந்த சென்சார் யாருக்கு? டைப் 1 குழந்தைகளுக்கு என்று உறுதியாகச் சொல்வேன். என் அக்கா மகளுக்கு நோய் இருப்பது தெரியவந்ததே மூச்சால்தான். வாந்தி, வயிற்றுவலி. முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் குழந்தைக்கு மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் குனிந்து பார்த்ததுமே, “வாயில பழ வாசனை வருதே, சுகர் பாத்தீங்களா?” என்று கேட்டார். விரலில் குத்தி மீட்டரில் வைத்தால் எண்ணே வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன்கள் அளவுமீறிச் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. அந்த நர்ஸை எங்கள் குடும்பம் மறக்காது. ஆனால் அசிட்டோன் வாசனையை எல்லா மூக்கும் பிடித்துவிடுவதில்லை. வாந்தியோடும் மேல்மூச்சோடும் வரும் குழந்தையை ஊதச் சொல்லிப் பார்க்க ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு கருவி இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

வீட்டிலும் அது பயன்படும். இப்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் கீட்டோன் பார்க்கிறோம். அது சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். ரத்தக் கீட்டோன் ஸ்ட்ரிப் சரியாகக் காட்டும், ஆனால் விலை அதிகம்.

இனி உங்கள் அம்மா. ரத்தமே எடுக்காமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். தையல்காரரின் டேப் ஒன்று போதும். வயது 35 முதல் 49 என்றால் 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 முதல் 89 செ.மீ. என்றால் 10, 90-ம் அதற்கு மேலும் 20. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை என்றால் 30, இரண்டில் ஒன்று இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டி 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மதிப்பெண் குறைவு என்பதற்காக நோயே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில்.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்வார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் முன்நிலை. எச்பிஏ1சி-க்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை, ஒரே குத்துதான். அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எண் மாறக்கூடும்.

ஊசிப் பயம் பற்றி லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுக்க வைத்து எடுப்பார்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் மீட்டர் தேவைப்பட்டால், குத்தும் பேனாவின் ஆழத்தைக் குறைந்த எண்ணில் வைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். வலி நன்றாகக் குறையும், என் அக்கா மகள் அப்படித்தான் செய்கிறாள்.

குத்தாமலே சர்க்கரை காட்டும் என்று ஆன்லைனில் விற்கிற வாட்ச், மோதிரம் எதையும் இதற்கு நடுவில் வாங்கிவிடாதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் எண்களைக் கீழே கருத்தில் போடுங்கள், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.