எலைட் டேஞ்சரஸ் லினக்ஸுக்கு வரும் என்று இன்னும் நம்பலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இதுதான். ஏழெட்டு வருஷப் பழைய டெஸ்க்டாப், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11 அந்த மெஷினில் ஏறமாட்டேன் என்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸுக்கு மாற ஆசை, ஆனால் எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கப்பல் கேமை விட மனசில்லை. அதை எழுதிய ஃபிரான்டியர் நிறுவனம் லினக்ஸ் பதிப்பு விடும் என்று காத்திருக்கலாமா என்று கேட்கிறார்.

காத்திருக்காதீர்கள், விடமாட்டார்கள். ஆனால் அதற்காக விண்டோஸிலேயே கிடக்கவும் வேண்டாம். அந்த கேம் லினக்ஸில் பல வருஷமாக நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம்கூட ஒரு காலேஜ் பையன் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்து இதையேதான் கேட்டான். "அண்ணாச்சி, இந்த கேமு லினக்ஸ்ல எப்பதான் வரும்?" "ஓடி ரொம்ப நாளாச்சுல." "கம்பெனி ஒண்ணும் சொல்லலையே?" "ஏன், கம்பெனி சொன்னாத்தான் ஓடுமோ?" அவன் முழித்தான். உங்கள் கேள்வியிலும் அதே முடிச்சு இருக்கிறது. பதிப்பு வருவது வேறு, கேம் ஓடுவது வேறு.

பதிப்பு ஏன் வராது என்கிறேன் என்றால், மேக்கில் அவர்கள் பட்டது அப்படி. 2012இல் மக்களிடம் பணம் திரட்டியபோது மேக் பதிப்பும் தருவதாகச் சொன்னார்கள். 2015இல் தரவும் செய்தார்கள். ஆனால் கோள்களில் இறங்க வைத்த ஹொரைசன்ஸ் விரிவாக்கத்துக்கு கம்ப்யூட் ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டைப் பொதுக் கணக்குக்கும் பயன்படுத்தும் வசதி) தேவைப்பட்டது. அது, கேம்கள் கார்டிடம் பேசும் மொழிகளில் ஒன்றான ஓப்பன்ஜிஎல்லின் 4.3இல்தான் வந்தது; ஆப்பிளோ 4.1இலேயே நின்றுவிட்டது. கடைசிவரை மேக்காரர்கள் ஒரு கோளில்கூட இறங்கவில்லை. 2018இல் மேக் பதிப்பையே மூடிவிட்டார்கள். அப்படி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இன்னொரு ஓஎஸ்ஸுக்குத் தனியாக எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, லினக்ஸுக்கே ஒரு பதிப்பு வந்தால் மட்டும் சந்தோஷமா? ஈவ் ஆன்லைன் என்ற இன்னொரு விண்வெளி கேமைப் பாருங்கள். 2007இல் அதிகாரபூர்வ லினக்ஸ் கிளையன்ட் (நம் கம்ப்யூட்டரில் ஓடும் பாகம்) விட்டார்கள். அதுவும் முழுசாக லினக்ஸுக்கென்று எழுதியது இல்லை, செடேகா என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் மேல் ஓடியது. விண்டோஸ்காரர்களுக்கு வந்த புது கிராஃபிக்ஸ் இதற்கு வரவில்லை. பலர் விண்டோஸ் கிளையன்டையே வைனில் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் இலவச மென்பொருள்) போட்டு விளையாடப் போய்விட்டார்கள். 2009இல் லினக்ஸ் கிளையன்ட் நின்றது, வைன்காரர்கள் பாட்டுக்கு விளையாடினார்கள். நம் ஊர்ப்பக்கம் குளத்தை வெட்டியதோடு யாரும் விடுவதில்லை, அவ்வப்போது தூர்வாரினால்தான் தண்ணீர் நிற்கும். வேறு ஓஎஸ்ஸுக்கு மாற்றி எழுதும் போர்ட்டும் அப்படித்தான். அடுத்த அப்டேட் வரும்போது அதையும் கவனிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும். லினக்ஸ்காரர்கள் எண்ணிக்கையைப் பார்த்து எந்த கம்பெனியும் அந்தச் சம்பளத்தைப் போட யோசிக்கும்.

அதனால் என் நம்பிக்கை எல்லாம் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மேல்தான். அடியில் இருப்பது வைன், 1993இலிருந்து வளர்ந்துவருவது. அதன் மேல் டிஎக்ஸ்விகே முதலியவற்றைச் சேர்த்து வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. எலைட் டேஞ்சரஸ் தன் படத்தை விண்டோஸின் டைரக்ட்3டி 11இல் கேட்கும். டிஎக்ஸ்விகே அந்தக் கேள்வியை வாங்கி லினக்ஸிலும் புரியும் வல்கனாக மாற்றி கார்டின் டிரைவரிடம் கொடுக்கும். தான் இருப்பது விண்டோஸ் இல்லை என்பது கேமுக்குத் தெரியவே தெரியாது. 2022இல் லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக் கடைக்கு வந்தபிறகு இதைத் தூர்வாருவது வால்வின் சொந்தப் பிழைப்பாகிவிட்டது. ஒரு கேம் கம்பெனியின் நல்ல மனசை விட இதை நம்பலாம்.

வேடிக்கை என்னவென்றால், எலைட்டில் முக்கியத் தொல்லை கேம் இல்லை, அதற்கு முன்னால் வந்து கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர். அது மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதியது. ஒருகாலத்தில் அதற்காக டாட்நெட்டைத் தனியாகப் போட்டுத் தொலைக்க வேண்டும். இப்போது புரோட்டானே பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறது. அந்த லாஞ்சரே வேண்டாம் என்று ஆர்வலர்கள் மின்-ஈடி-லாஞ்சர் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் நல்லது.

அப்புறம் ஜாய்ஸ்டிக். விண்டோஸில் அமைத்துவைத்த கன்ட்ரோல் ஃபைலை அப்படியே காப்பி செய்து கொண்டுவருவார்கள். த்ராட்டிலைத் தள்ளினால் கப்பல் முன்னே போகாமல் பக்கவாட்டில் உருளும். ஆக்ஸிஸ் (குச்சியின் ஒவ்வொரு அசைவுத் திசை) வரிசை மாறியிருக்கும். ஸ்டீமில் அந்த கேமுக்கு மட்டும், ஜாய்ஸ்டிக்கை இடையில் நின்று கையாளும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிட்டு, கேமுக்குள்ளே போய் ஒவ்வொரு ஆக்ஸிஸையும் புதிதாக அசைத்துக் காட்டிப் பதியுங்கள். நேரமாகும், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும். முதல் சில நாள் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது படம் நின்று நின்று வரலாம். படம் வரையும் சிறு நிரல்களான ஷேடர்கள் அப்போதுதான் கம்பைல் ஆகின்றன, தானாகச் சரியாகிவிடும். அதற்காக டிரைவரை நோண்டாதீர்கள்.

உங்கள் கார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1050 டிஐக்கு, அதன் சிப்பைச் செய்த என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் கடைசி. லினக்ஸ் போடும்போது அந்த வரிசையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். இன்னொன்று, டூயல் பூட் (ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஓஎஸ்) வைத்துக்கொண்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவிலேயே கேமை விட்டுவிட்டு லினக்ஸிலிருந்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். கடைக்கு வருகிற கேஸ்களில் பாதி இதுதான். லினக்ஸ் பார்ட்டிஷனில் புதிதாக இறக்குங்கள். நெட் மெதுவாக இருந்தால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

இதைப் படித்துவிட்டு அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பில் முயற்சி செய்யப் போகிறவர்களுக்கு: வேண்டாம். டிஎக்ஸ்விகே 2.0இலிருந்து வல்கன் 1.3 கேட்கிறது, அந்தக் காலத்து இன்டெல் சிப்பில் அது கிடையாது. அதில் ஊலைட் போட்டு விளையாடுங்கள். 1984இல் வந்த முதல் எலைட்டைத் தழுவி எழுதிய இலவச கேம், லினக்ஸிலேயே ஓடும், எடையும் குறைவு.

கம்பெனி பதிப்பு விடாமலே ஒரு கேம் லினக்ஸுக்கு வருவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஃப்ரீஸ்பேஸ் 2 என்ற விண்வெளிப் போர் கேம். 1999இல் வந்த விண்டோஸ் கேம். அதை எழுதிய வொலிஷன் 2002இல் என்ஜினின் மூலநிரலை வெளியே விட்டது. ரசிகர்கள் விண்டோஸுக்கான டைரக்ட்எக்ஸைப் பிடுங்கிவிட்டு ஓப்பன்ஜிஎல், ஓப்பன்ஏஎல் வைத்தார்கள். லினக்ஸில் நேரடியாகவே ஓடுகிறது. படம், ஒலி, கதை எல்லாம் இருக்கும் டேட்டாவை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும், அது நியாயம்தான். 2023இல் வொலிஷனையே இழுத்து மூடிவிட்டார்கள். கேம் மட்டும் ரசிகர்கள் எழுதும் புதுப் புது மாட்களோடு இன்னும் நடக்கிறது. பதிப்பு விடச்சொல்லிக் கெஞ்சுவதை விட மூலநிரலைக் கேட்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆன்லைன் கேமில் அது நடக்காது, சர்வர் அவர்களிடம் இருக்கிறது. எலைட் அந்த வகை. அங்கே புரோட்டான்தான் வழி.

லினக்ஸுக்கு ஒருமுறை வந்த கேமின் அடுத்த பாகமும் வரும் என்றும் கணக்குப் போடாதீர்கள். கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் 2013இலேயே லினக்ஸுக்கு வந்தது. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிற மாவட்டம் நம்முடையது, பணகுடி, வள்ளியூர்ப் பையன்கள் அந்த கேமில் செய்யாத ராக்கெட் கிடையாது. அதன் இரண்டாம் பாகம் 2023இல் வந்தபோது விண்டோஸுக்கு மட்டும்தான். மாறாக எக்ஸ்4 என்ற விண்வெளி கேம் ஆரம்பத்திலிருந்தே வல்கனில் எழுதியது. அதற்கு லினக்ஸ் பதிப்பும் உண்டு. தனி ஆளாக வியாபாரம், விண்கப்பல் படை என்று விளையாடுவது பிடிக்குமென்றால் அதையும் பாருங்கள்.

ஃபிரான்டியருக்கு எழுதியே தீருவேன் என்றால் லினக்ஸ் பதிப்பு கேட்காதீர்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் லாஞ்சரையும் கேமையும் ஒரு ஸ்டீம் டெக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள் என்று கேளுங்கள். அதற்குத் தனி ஆள் தேவையில்லை, ஒரு மத்தியானம் போதும்.