யூடிபி சாக்கெட்டில் கனெக்ட் சேர்த்ததும் பதில் வராமல் போவது ஏன்?

சென்ட்டூ (முகவரி கொடுத்து அனுப்பும் அழைப்பு), ரெசிவ்ஃப்ரம் (அனுப்பியவர் முகவரியோடு வாங்கும் அழைப்பு) வைத்து ஒழுங்காக ஓடிய டிஎஃப்டிபி (யூடிபி வழியாகக் கோப்பு அனுப்பும் எளிய நெறிமுறை) கிளையன்ட், கனெக்ட் சேர்த்ததும் பதிலே வாங்குவதில்லை, ஆனால் நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் பதில் வருவது தெரிகிறது என்கிறீர்கள். அந்தப் பதில் எந்த போர்ட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் அனுப்புவது 69க்கு. டிஎஃப்டிபி சர்வரோ ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிதாக ஒரு போர்ட்டைத் திறந்து அங்கிருந்துதான் பதில் சொல்லும்.

யூடிபி இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட்டுகளை அனுப்பும் முறை, அதில் கனெக்ட் ஒரு பாக்கெட்டைக்கூட வெளியே அனுப்பாது. எதிர்முனையின் ஐபியையும் போர்ட்டையும் கெர்னல் குறித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். (அதனால்தான் சர்வர் ஓடாவிட்டாலும் கனெக்ட் 0, அதாவது வெற்றி என்று, திருப்பித் தருகிறது.) அதன்பிறகு அந்த இரண்டும் அப்படியே பொருந்துகிற டேட்டாகிராம் (யூடிபி பாக்கெட்) மட்டும்தான் உங்கள் சாக்கெட்டுக்கு வரும், வேறு போர்ட்டிலிருந்து வருவது உங்கள் ரெசிவ் வரை எட்டாது. லினக்ஸ் என்றால், உங்கள் கணினியே சர்வருக்கு ஐசிஎம்பி 'போர்ட் அன்ரீச்சபிள்' (அந்த போர்ட்டில் கேட்பவர் இல்லை என்ற பிழைச் செய்தி) அனுப்புவதைக்கூட அதே டம்ப்பில் பார்க்கலாம்.

சரி, கனெக்டைத் தூக்கிவிட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். முதல் கோரிக்கையை சென்ட்டூவில் 69க்கு அனுப்புங்கள், முதல் பதிலை ரெசிவ்ஃப்ரமில் வாங்கி, ஐபி நீங்கள் கேட்ட சர்வருடையதுதானா என்று சரிபார்த்துவிட்டு, ரெசிவ்ஃப்ரம் நிரப்பிக் கொடுத்த முகவரிக்கே கனெக்ட் செய்யுங்கள். அப்புறம் வெறும் சென்ட், ரெசிவ் போதும். சர்வர் நடுவில் செத்துப்போனால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' பிழையும் பெரும்பாலும் கைக்கு வரும், அதற்காகவே நான் கனெக்டை விடமாட்டேன்.

அதே சாக்கெட்டில் அடுத்த கோப்பு வேண்டுமென்றால், ஏஎஃப்_அன்ஸ்பெக் (எந்த வகை என்று குறிப்பிடாத) முகவரிக் குடும்பத்தோடு மறுபடி கனெக்ட் அழைத்தால் பழைய பிணைப்பு நீங்கிவிடும்.