ஈகோ வேனில் படுக்கை போட ஆர்.சி.யை மாற்ற வேண்டுமா?

கேள்வி: புது வண்ணாரப்பேட்டையில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். மனைவி, ஆறு வயது மகளோடு வேனிலேயே படுத்து, சமைத்து, குறைந்த செலவில் ஒரு மாதம் தனுஷ்கோடி, அப்புறம் கேரளா என்று சுற்ற ஆசை. பழைய மாருதி ஈகோ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃபேன் வைத்தால் வழியில் பிடிப்பார்களா? ஆர்.சி.யில் 'கேம்பர் வேன்' என்று மாற்றித் தருவதாக ஒரு புரோக்கர் 22,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? போலியோவால் இடது கால் பலவீனமான என் தம்பியும் இதை ஓட்ட வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். தரவில்லையென்றால் போன பணம் போகட்டும். "மிச்சத்தையும் கொடுத்து வேலையை முடித்துவிடுவோம்" என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர், அதாவது விபத்தான வண்டியின் சேதத்தை மதிப்பிடுபவன். இப்படிப் புரோக்கர் 'செய்து கொடுத்த' ஆர்.சி. என் கைக்கு வருவது வண்டி எங்காவது மோதிய பிறகுதான். அட்டையில் ஒன்று அச்சாகியிருக்கும்; மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைத் தட்டினால் வேறொன்று வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனி நம்புவது தளத்தைத்தான். தமிழ்நாட்டில் 2024 முதல் ஆர்.சி. அட்டை விரைவுத் தபாலில் உரிமையாளர் வீட்டுக்கே வருகிறது. "கார்டை நானே கையில் கொண்டுவந்து தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அது எங்கே அச்சாகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சொந்த உபயோக வாகனங்களின் பட்டியலில் கேம்பர் வேன் என்று ஒரு வகை உண்டு. ஆனால் அந்தப் பெயரில் பதிவாக வேண்டுமென்றால், வண்டியின் மாதிரியைப் புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்துக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். பாடி கட்டும் கம்பெனிகள் செய்கிற காரியம் அது. நம்ம ஊர் ஆசாரி பிளைவுட்டில் அடித்துத் தரும் கட்டிலுக்கு எந்தச் சோதனை நிலையமும் சான்று தராது, எந்தப் புரோக்கராலும் வாங்கித் தர முடியாது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேட்டால் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்தைக் காட்டித்தான் 22,000 கேட்கிறார்கள். ஆனால் அந்த 52-ஆம் பிரிவின் அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது, அதை மட்டும் யாரும் படித்துக் காட்டுவதில்லை: மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்குக் கட்டமைப்பில் செய்வது. பாய் விரிப்பது, மடக்குப் பலகை வைப்பது, பெட்டி வைப்பது இதில் வராது. அது சாமான்.

ஆகவே ஸ்பேனர் இல்லாமல் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட முடிகிற எதையும் வையுங்கள். தரையில் துளை போட்டு போல்ட் அடிக்கிற எதையும் வைக்காதீர்கள். ஏசி மெக்கானிக் என்பதால் கூரையை வெட்டி யூனிட் ஏற்றலாமா என்று உங்களுக்கு நிச்சயம் தோன்றும். வேண்டாம், அது அப்பட்டமான மாற்றம். சீட்டையும் கழற்றாதீர்கள், எத்தனை சீட் என்பது ஆர்.சி.யில் இருக்கிறது. 5 சீட்டர் ஈகோவில் பின்சீட்டுக்குப் பின்னால் சாமான் இடம் தாராளம். பின்சீட்டின் சாய்மானத்தை எவ்வளவு தாழ்த்த முடிகிறது என்று பார்த்து, அந்த உயரத்துக்குக் கால் வைத்த பலகை செய்துகொள்ளுங்கள். வெளி அகலமே 1,475 மி.மீ.தான், உள்ளே இன்னும் குறைவு. பெரியவர்கள் நீளவாட்டில்தான் படுக்க முடியும். மகளைக் குறுக்கே படுக்க வைக்கலாம்.

ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டாதீர்கள், 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஓடும்போது திரைச்சீலையும் வம்பு. கண்ணாடி அளவுக்கு அட்டை வெட்டி, நிறுத்திய பிறகு சொருகிக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் எழுதியிருப்பது இவ்வளவுதான். இதை எளிய தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஒட்ட எத்தனை வருடம் வேண்டும்? எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள். பதிவேற்றிய அதே காகிதங்களைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு வா என்கிறார்கள். பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடை வாசலில் புரோக்கர் நிற்கிறார். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் போய் வேனிலேயே தூங்கி எழும் ஆயிரக்கணக்கான பேரைச் சட்டம் எழுதியவர்கள் பார்த்ததே இல்லையோ என்னவோ.

சரி, ஆர்.சி. கவலையை விடுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வண்டியின் தரையைப் பற்றி. அதைக் கேட்கவே இல்லையே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

முதலில், அது பயணிகள் ஈகோதானா? விலை குறைவு என்று கார்கோ ஈகோவைத் தள்ளிவிடுவார்கள். மஞ்சள் போர்டு சரக்கு வண்டி அது. அதன் பின்னால் மனைவியையும் குழந்தையையும் உட்காரவைத்து ஓட்டுவது குற்றம், விபத்தானால் இன்ஷூரன்ஸும் கையை விரித்துவிடும். "பெயிண்ட் அடித்து வெள்ளை போர்டு ஆக்கிடலாம்" என்பது இன்னொரு கதை. ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ் ஆம்னி வேனும் இதே கணக்குத்தான். உள்ளே படுக்கைக்கு இடம் தயாராக இருப்பதால் ஆசை காட்டும், வாங்காதீர்கள்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் உடைப்புக்குப் போய்விடவில்லை. கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை ஸ்பிரே அடித்துத் திரும்ப வந்துவிட்டன. ஈகோவில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியென்றால் கடைசி அடியில் சேற்றுக் கோடு தெரியும். மிதியடியைக் கிளப்பி முகர்ந்து பாருங்கள். மிக்ஜாமின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது நினைவிருக்கும். அந்த வட்டாரத்து வண்டியில் கதவின் உட்புறம், சீட் தண்டவாளம் இங்கெல்லாம் கறுப்புப் பிசுக்கு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள்.

காகிதத்திலும் ஒரு வழி இருக்கிறது. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். வருடத்துக்கு வருடம் க்ளெய்ம் இல்லாமல் போனால் 'நோ க்ளெய்ம் போனஸ்' 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். சொந்தச் சேதத்துக்கு க்ளெய்ம் எடுத்தால் சைபருக்கு வரும். 2023-ல் 45 இருந்து 2024-ல் சைபரானால் நடுவில் என்ன நடந்தது என்று விற்பவர் சொல்லட்டும். "பாலிசி தொலைந்துவிட்டது" என்றால் நீங்கள் கிளம்பிவிடலாம்.

வெள்ளம் தொடாவிட்டாலும் உப்புக் காற்று தொட்டிருக்கும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் விரைவுச் சாலை என்று ஓடிய வண்டியின் தரை தகடு ஓரங்களிலிருந்து அரிக்கும். மேலே புது மேட் போட்டு மறைத்திருப்பார்கள். லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கீழிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தூங்கப் போவது அந்தத் தரைக்கு மேலே. புழுக்கத்தில் "கொஞ்ச நேரம் ஏசி ஓடட்டும்" என்று இஞ்சினை ஓட விட்டுத் தூங்கினால், சைலன்சரில் ஒரு கசிவும் தரையில் ஒரு துளையும் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்தில், வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு கேரவனில் இரண்டு பேர் இப்படித்தான் இறந்து கிடந்தார்கள். அங்கே ஜெனரேட்டர் புகை. நீங்கள் வேலையில் ஆயிரம் ஏசி பார்த்திருக்கலாம், இந்த விஷயத்தில் மட்டும் தொழில் தைரியம் வேண்டாம். இஞ்சினை அணைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். ஜன்னலை இறக்கி, கொசுவலை கட்டி, தனி 12 வோல்ட் பேட்டரியில் ஃபேன் ஓட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். இந்த மாதிரிச் சாமான்களைக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் காட்டிக்கொள்ளலாம்.

வீட்டு சிலிண்டரைத் தூக்கி வண்டியில் வைக்காதீர்கள். பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 5 கிலோ 'சோட்டு' சிலிண்டர் போதும். சமையல் வண்டிக்கு வெளியேதான். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும், வெளியே போகாது.

தம்பி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் 52-ஆம் பிரிவு உண்மையிலேயே இடம் கொடுத்திருப்பது இவரைப் போன்றவர்களுக்குத்தான். ஒருவர் தன் பெயரில் உள்ள வண்டியை உடல் குறைபாடுள்ளவரின் தேவைக்கேற்ப மாற்றி, பதிவு அலுவலரின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளலாம். இடது காலுக்குப் பதில் கையால் கிளட்ச் இயக்கும் ஏற்பாடு இதில் வரும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்.  தம்பிக்காக அப்படி மாற்றினால், சட்டத்தின் விளக்கப்படி அந்த வண்டி அவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். தம்பி இல்லாமல் நீங்களும் மனைவியும் ஒரு மாதம் சுற்றினால் அது அவருக்கான பயணமா என்று நாளைக்கு ஒரு வக்கீல் கேட்பார், சர்வேயரும் கேட்பார். தம்பியின் லைசென்ஸும் அந்த வகை வண்டிக்கே வாங்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரண கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஓட்டினால் செல்லாது. இதெல்லாம் சரியாக அமைந்தாலும் ஒப்புதல் கிளட்சுக்கு மட்டும்தான், கட்டிலுக்குக் கிடையாது. புரோக்கர் அடுத்துச் சொல்லப்போவது இதுதான்: "தம்பி சர்டிபிகேட்டைக் கொடுங்க, அதுலயே எல்லாத்தையும் ஏத்திடலாம்." கொடுத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் நகலை வாங்கிக்கொண்டு வேறு யாருடைய வண்டிக்கோ பயன்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். தம்பிக்கு ஓட்ட உண்மையிலேயே ஆசையிருந்தால், அவர் பெயரில் தனியாக, அவருக்குத் தோதான சின்ன ஆட்டோமேட்டிக் கார் பார்ப்பது நல்லது. இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. அந்தக் குடும்ப முடிவு உங்களுடையது.

வண்டி பிடித்துப்போனால், பணம் கொடுப்பதற்கு முன் பரிவாகன் தளத்தில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, செலான் (போக்குவரத்து அபராதம்) பாக்கி உண்டா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, நீங்களே விண்ணப்பியுங்கள். "பேர் மாத்தாம ஓட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு மயங்காதீர்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஃபாஸ்டேகைப் பிய்த்துவிட்டு, உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். 2025-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸில் சுங்கச்சாவடிகளை 200 முறை கடக்கலாம், வெள்ளை போர்டு வேனுக்கும் உண்டு. ஆனால் அது தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான், ஈ.சி.ஆர். வழியாகப் போனால் மாநிலச் சாவடியில் தனியாகக் கட்ட வேண்டும்.

இரவு நிறுத்த பெரிய பெட்ரோல் பங்குகள்தான் தோது. பெட்ரோல் போட்டுவிட்டு மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; கழிப்பறையும் குடிநீரும் அவர்கள் இலவசமாகத் தர வேண்டியவை. கேரளாவிலிருந்து திரும்பும்போது ஊட்டி, கொடைக்கானல் ஆசை வந்தால் இ-பாஸ் எடுத்துவிட்டு ஏறுங்கள். தனுஷ்கோடியில் மட்டும் வண்டியில் படுக்கத் திட்டம் போடாதீர்கள். மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பி, ராமேஸ்வரத்தில் வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துவிடுங்கள்.