அமேசான் மழைக்காட்டு நகரம் ஒன்றில் தன்னார்வலராகத் தங்கி வேலை செய்தவர்கள் இருக்கிறீர்களா? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் இருந்தது பெரு நாட்டு இக்கிடோஸ் நகரத்தில். 2018 ஜனவரியில் போய் நவம்பரில் திரும்பினேன். சொந்த ஊர் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர். இக்கிடோஸில் என் வேலை, பெலேன் என்ற ஆற்றோரப் பகுதியில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருவது.

மழைக்காடு என்றதும் மரத்தடியில் ஒரு குடிசை என்று நினைத்துவிடாதீர்கள். 4 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிற ஊர், லொரேத்தோ பகுதியின் தலைநகர். ஆனால் வெளியிலிருந்து ஒரு சாலைகூட அந்த ஊருக்கு வராது. சாலை வழியாகப் போய்ச் சேர முடியாத நகரங்களில் உலகத்திலேயே பெரியது இதுதான். நௌத்தா என்ற பக்கத்து ஊர் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் ஒரு சாலை ஓடுகிறது, அதோடு சரி. லிமாவிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். இல்லையென்றால் புகால்பாவிலோ யூரிமாகுவாஸிலோ படகேறி, மேல்தளத்தில் துணித் தூளி கட்டிப் படுத்துக்கொண்டு நாள்கணக்கில் ஆற்றோடு வரவேண்டும். சிமெண்டும் வெங்காயமும் ஆற்று வழியாகத்தான் வரும். ஊருக்குள் கார் மிகவும் குறைவு. பைக்கின் பின்பாதியை எடுத்துவிட்டு அங்கே இருக்கை பூட்டிய மோட்டோகாரோதான் எங்கும். காலை ஆறு மணிக்கு அந்த இரைச்சலில்தான் கண் விழிப்பேன்.

எங்கள் ஊரில் ஓர் ஆண்டில் பெய்கிற மழையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அங்கே பெய்கிறது. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. தோல் செருப்பில் பூஞ்சணம் ஏறும். நோட்டுப் புத்தகம் ஊறிப் பருக்கும். ஆத்தா ஆசையாகக் கட்டிக்கொடுத்த மோர் மிளகாய் இரண்டாவது வாரமே பூத்துப்போனது. அவ்வளவு மழையிலும் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. ஆற்று நீர் செம்பழுப்பு, குழாயில் சில மணி நேரம்தான் வரும். நான் தங்கியிருந்த வீட்டம்மா கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துக் காய்ச்சித் தருவார். வளவு என்கிற உள்முற்றத்தில் அண்டா வைத்து மழை பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று அப்பத்தா விரட்டியது நினைவிருக்கிறது. அதனால் அந்த டிரம்மில் குவளையை எப்படி விட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி வேலை. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெலேனின் தாழ்ந்த பகுதி இத்தாயா ஆற்றை ஒட்டியது. வீடுகள் உயரமான மரக்கால்களின் மேல் நிற்கும். சில வீடுகள் கனமில்லாத மரத்துண்டுகளைக் கட்டி, அதன்மேல் மிதக்கும். ஆறு ஏறத் தொடங்கினால் தெருவே வாய்க்காலாகிவிடும். வெள்ளம் உச்சத்துக்கு வருவது ஏப்ரல், மே வாக்கில். வடிந்து அடியில் கிடப்பது செப்டம்பர் வாக்கில். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும்.

இதெல்லாம் தெரியாமல் நான் நாலரை மணி வகுப்பு என்றால் நாலரை என்று வைத்திருந்தேன். மார்ச்சில் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தான். மூன்றாவது நாள் அவனை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டம்மா, "இஹோ, அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். இஹோ என்றால் மகனே என்று அர்த்தம்.

மறுநாள் ஓடம் பிடித்துப் போனேன். அந்தப் பையனின் அப்பா வீட்டுத் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். போனா என்ற ஒரு பனை வகையைப் பிளந்து தட்டிய பட்டைகள்தான் தரை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முழம் மேலே புதிதாக அடித்த சட்டத்தில் பரப்பினார். அடுப்பு, பாய், கோழி, பாடப்புத்தகம் எல்லாம் தூளியில் ஏற்றிவைத்திருந்தது. பையன் கீழே நின்று பட்டைகளை எடுத்துக் கொடுத்தான். அந்த மாதத்தில் இரண்டாவது தடவையாகத் தரையை உயர்த்துகிறார்களாம். கூரை தலையில் இடித்ததால் உள்ளே குனிந்துதான் நடந்தோம். தூணில் கரியால் வருஷா வருஷம் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கோடு மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்தில் 2012 என்று இருந்தது. அந்த ஆண்டுப் பெருவெள்ளம் ஊரையே புரட்டிப்போட்டது.

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்றே புரியவில்லை. அதன்பிறகு நேரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஓடம் வருகிறபோது வகுப்பு. கழித்தல் கணக்குக்கு அந்தத் தூண் கோடுகளையே எடுத்துக்கொண்டோம். 2012க்கும் இந்த வருஷத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர்? ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுத் தூணை அளந்துகொண்டு வந்தது. கரும்பலகையில் நான் போட்ட எந்தக் கணக்குக்கும் அப்படி ஒரு போட்டி நடந்ததில்லை.

சாப்பாட்டுக்கு நம் ஊர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். சோறும் மீனும் வாழைக்காயும்தான் அடிப்படை. வாழைக்காயைச் சுட்டு இடித்து உருட்டினால் அது தக்காச்சோ. சராபித்தா என்று சுண்டைக்காயைவிடச் சின்னதாக ஒரு மஞ்சள் மிளகாய் உண்டு, இரண்டைக் கடித்தால் கண்ணில் நீர் வரும், எனக்கு ஊர் நினைப்பும் சேர்ந்து வரும். ஜூன் 24 சான் ஹுவான் திருநாளுக்கு, மஞ்சள் போட்டு வேகவைத்த சோற்றில் கோழித் துண்டும் முட்டையும் வைத்து, பிஹாவோ இலையில் கட்டி மறுபடி வேகவைப்பார்கள். ஹுவானே என்று பெயர். இலையைப் பிரித்ததும் கட்டுச்சோற்று வாசனை. அகுவாஹே என்ற பழம் இன்னும் நெருக்கம்: மேலே செதில், உள்ளே பெரிய கொட்டை, நடுவில் மெல்லிய ஆரஞ்சு நிறச் சதை. நாம் பனம்பழம் சூப்புவது போலப் பல்லால் சுரண்டித்தான் தின்ன வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. ஆற்றோர நடைபாதைக்குப் போவேன். அங்கே நான் பார்த்ததை ஒரு செட்டிநாட்டுக்காரன் சொல்லாமல் விட முடியாது. 1880களிலிருந்து 1912 வாக்கு வரை ரப்பர் பணம் கொழித்தபோது கட்டிய மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன, சுவர் முழுக்க போர்ச்சுகல் பூ ஓடு. சதுக்கத்தில் ஓர் இரும்பு வீடு. தகடு தகடாக ஐரோப்பாவில் செய்து கப்பலில் கொண்டுவந்து முடுக்கியது. ஒரு சுவரில் ஓடு உதிர்ந்த இடத்தைக் கையால் தடவினேன். எங்கள் வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் ஜப்பான் ஓடு உதிர்ந்த இடமும் அப்படித்தான் நெருடும்.

இரண்டுக்கும் உறவு இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் அமேசானிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயா முழுக்கத் தோட்டம் பெருகி, 1913 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சியதும் இக்கிடோஸின் பவிசு முடிந்தது. அதே மலாயாவில்தான் நம் நகரத்தார் லேவாதேவி நடத்தினார்கள், தோட்டம் வாங்கினார்கள். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்கில் கிட்டங்கி என்கிற நகரத்தார் கடைக்கு, பணப்பெட்டி அருகே எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகத் தொழிலுக்குப் போனவர். எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டு அந்தப் பணத்தில் எழுந்தது.

அந்த ஓட்டின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. புட்டுமாயோ ஆற்றங்கரையில் ரப்பர் பாலுக்காக விட்டோட்டோ என்ற பழங்குடி மக்களை ரப்பர் கம்பெனிக்காரர்கள் அடிமையாக்கி, சவுக்கால் அடித்துக் கொன்றார்கள். 1910இல் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்து உலகத்துக்குச் சொன்னார். இந்தப் பக்கம் மலாயாவில் பால்மரம் சீவியது நம் தமிழ்க் கூலிகள். ஆத்தாவிடம் இதைப் போனில் சொன்னேன். அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. அவர் முகப்பு கூட்டிக்கொண்டிருப்பார். வாரியல் சத்தம் நின்றது. "ஐயா அந்தக் கூலிகளப் பத்தி ஒரு நாளும் பேசினதில்லப்பா" என்றார்.

உடம்பு விஷயம்: ஏப்ரலில் எனக்கு டெங்கு வந்தது, பன்னிரண்டு நாள் படுக்கை. கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்காதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆகவேண்டும், பெருவிலிருந்து திரும்பும்போது இந்தியாவில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போங்கள். ஆங்கிலத்தை நம்பிப் போனால் முதல் மூன்று மாதம் பிள்ளைகளுக்கு நீங்கள் பாரம்.

ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போவதாக இருந்தால் போகவேண்டாம் என்பேன். ஆறு மாதமாவது இருக்க வேண்டும், ஏறிய ஆற்றையும் இறங்கிய ஆற்றையும் பார்க்க வேண்டும். மே மாதம் நான் ஓடத்தில் போன அதே சந்தில் செப்டம்பரில் சேறு காய்ந்து கெட்டித்திருந்தது. இரண்டு வீட்டுக் கால்களையே கோல் கம்பமாக வைத்து, நான் திருப்பி அனுப்பிய அந்தப் பையன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். தூணில் அந்த வருஷத்துக் கோடு அவன் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது.