செய்திக் குறிப்புக்குப் பதிலே வரவில்லை என்றால்

மக்கள் தொடர்பு ஏஜென்சியில் இரண்டு வருடம் ஆகிறது, ஒரே செய்திக் குறிப்பை நூறு நிருபர்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை, துறையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு விடாதீர்கள். நூறு பேருக்கு ஒன்றையே அனுப்புவதுதான் சிக்கல். பத்து நிருபர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் சமீபத்தில் எழுதியதைப் படியுங்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தனியாக நாலே வரி: என்ன புதிது, அவருடைய வாசகருக்கு அதனால் என்ன, யாரிடம் பேசலாம். உங்கள் வாடிக்கையாளருக்குச் சம்பந்தமில்லாத தகவலை அந்த நிருபர் தேடும்போதும் உதவுங்கள். அந்த நம்பிக்கை உருவாக மாதக்கணக்கில் ஆகும், ஆனால் ஏஜென்சி மாறினாலும் அது உங்களோடு வரும்.

வெளிவந்த செய்தியை, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் ஆகும் கட்டணமாக மாற்றித்தான் மேலாளர் மதிப்பிடுகிறார் என்றீர்களே, அந்த அளவுகோலை மக்கள் தொடர்புப் பணியை எப்படி அளவிடுவது என்று 2010-இல் வந்த பார்சிலோனா கோட்பாடுகளே நிராகரித்துவிட்டன. செய்தி வந்த வாரத்தில் வாடிக்கையாளரிடம் விசாரித்தவர்கள் எத்தனை பேர் கூடினார்கள் என்று காட்டிப் பாருங்கள்.

நெருக்கடி மேலாண்மையையும் கற்றுக்கொள்ளுங்கள். 1982-இல் சிகாகோ பகுதியில் சயனைடு விஷம் கலந்த டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளால் 7 பேர் இறந்தபோது, அந்த மருந்தின் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அதை அலசிப் படித்தாலே நிறையப் புரியும்.

சரி, கடைசியாக அனுப்பிய குறிப்பை வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு இங்கே போடுங்கள், முதல் பத்தியைச் சேர்ந்து திருத்துவோம்.