பங்காய் கார்டினல்: தாடை வீங்கி, இரை எடுக்காமல் இருந்தால்

தொட்டியில் வளர்க்கும் கடல் மீனான பங்காய் கார்டினல் இப்படி இருந்தால் மருந்து எதுவும் ஊற்றிவிடாதீர்கள், அது நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு வாரமாக இரையைத் தொடாமல், தாடை பை மாதிரி தொங்க மூலையிலேயே நிற்கிறதென்றால், அது அநேகமாக ஆண்; வாயில் முட்டை வைத்திருக்கிறது. இந்த மீனில் அடைகாப்பது அப்பா வேலை.

பக்கவாட்டில் மெல்லிய டார்ச் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். வாய் லேசாகத் திறக்கும்போது ஆரஞ்சு உருண்டைகள் தெரிந்தால் சரி. வலை போட்டுத் துரத்தினால் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும்.

சுமார் 20 நாளில் பொரியும், அப்புறமும் சில நாள் குஞ்சுகள் வாய்க்குள்ளேயே இருக்கும். வெளியே வந்ததும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால்) கொடுங்கள்.

ஆனால் தாடை சாதாரணமாக இருந்து, மூச்சு வாங்கி, கழிவு வெள்ளை நூலாக வந்தால் கதை வேறு. கடலில் பிடித்து வந்த மீன்களில் இரிடோவைரஸ் என்ற வைரஸ் தொற்று அதிகம், அதுவாக இருக்கலாம்; அதற்கு மருந்தில்லை, உடனே தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.

குஞ்சு பிழைத்தால் கடைக்காரரிடமே கொடுங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை ஒட்டித்தான் இதன் இயற்கை வாழிடம், குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவும் பருவமே இதற்குக் கிடையாது, 2007 முதல் அழியும் நிலைப் பட்டியலிலும் இருக்கிறது, தொட்டியில் பிறந்தது கிடைக்கும்போது கடலில் பிடித்ததை வாங்குவானேன்?